கொட்டாரத்துத் தீக்குருவிகள்

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக, வண்டிக்கு ஒன்றாக மூன்று மாட்டுவண்டிகளில் அந்தப் பறவைகள் வந்து சேர்ந்தபோது என் மகளுக்குப் பல் முழுவதும் முளைத்திருக்கவில்லை. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் நான் வேலியோரம் நின்று பார்த்தேன். பறவைகளின் தலையில் நீளமான துணிப்பை மாட்டியிருந்தார்கள். கண் மறைந்தால் அவை அடங்கிவிடுமாம். கால்களை மடித்து வைக்கோலில் பெரிய மூட்டைகள் போல உட்கார்ந்திருந்தன. தூத்துக்குடியிலிருந்து வண்டியோடு வந்த என் கணவர் முகமெல்லாம் புழுதியாக இறங்கினார்.

“ஏட்டி, பிள்ளையக் கொண்டு அங்ஙன தள்ளி நில்லு. சவிட்டினா எலும்பு மிஞ்சாது,” என்றார். பல நாள் பிரிந்திருந்து வந்தவர் என்னிடம் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

அவர் சிலோனில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையின் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கொழும்புக்கும் இங்குமாகக் கொப்பரை வியாபாரம் செய்த ஒரு முதலாளிக்கு அவரை அங்கே பழக்கம். முதலாளிக்குக் கொட்டாரத்துக்குத் தெற்கே, கடல் பக்கமாக, பனையும் உடைமரமும் தவிர எதுவும் நில்லாத ஒரு மணற்காடு இருந்தது. கொழும்பில் மிருகக் காட்சி நடத்தி நொடித்துப்போன ஒருவரிடம் ஒரு சேவலும் இரண்டு பெட்டையும் விலைக்கு வந்தபோது அந்த மணலை நினைத்துத்தான் வாங்கிவிட்டார். வெள்ளைக்காரப் பெண்களின் தொப்பிக்கு இந்த இறகு இல்லாமல் ஆகாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். சீமையில் நடந்த பெரிய சண்டையோடு அந்த மோகம் போய்விட்டது என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பறவைகளைப் பார்க்க என் கணவரை வைத்தார். நான் மிஷன் பள்ளியில் லேஸ் பின்னப் படித்தவள் என்று கேள்விப்பட்டு, இறகைக் கழுவிக் காயவைத்துத் தரம் பிரிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். வேலிக்குள்ளேயே ஒரு ஓலைவீடும் தந்தார்.

கொட்டாரத்துக்காரர்கள் அதை நெருப்புக்கோழி என்றார்கள். மேற்கே மலையாளப் பக்கமிருந்து வந்தவர்களுக்கு அது ஒட்டகப்பட்சி. எங்கள் சபையில் வேதத்திலிருந்து வாசிக்கக் கேட்ட பெயர் தீக்குருவி. முட்டையை மணலில் போட்டுவிட்டு மறந்து போகிற, தன் குஞ்சிடம் இரக்கமில்லாத பறவை என்று உபதேசியார் எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருந்தார். பார்க்க வந்த கூட்டமோ வேறொன்றைக் கேட்டிருந்தது. அது தீயைத் தின்னும் என்று நம்பி ஒருவர் வேலி வழியாக அடுப்புக் கங்கை எறிந்தார். சேவல் கொத்திப் பார்த்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு ஓடியது. வெந்துபோன அலகோரத்தில் என் கணவர் தேங்காயெண்ணெய் தடவினார். தீயைத் தவிர மற்றதையெல்லாம் அது விழுங்கத்தான் செய்தது. கூழாங்கல், உடைந்த சிப்பி, துருப்பிடித்த ஆணி, ஒருமுறை என் ரவிக்கைப் பொத்தான். பல் இல்லாத பறவைக்கு வயிற்றுக்குள் கிடக்கும் கல்தான் அம்மி என்று அவர் சொன்னார்.

நின்றால் சேவலின் தலை எங்கள் வீட்டுக் கூரை விளிம்பைத் தொடும். உடம்பு கரிய இறகு, சிறகின் ஓரத்திலும் வாலிலும் மட்டும் வெள்ளை. அந்த வெள்ளை இறகுதான் முதலாளிக்கு வேண்டும். பெட்டைகள் இரண்டும் மண் படிந்த சாம்பல் நிறம். ஒன்று பெரியது, மற்றது இளசு. கோழிக்கு இருப்பதுபோல் காலில் நான்கு விரல் கிடையாது. இரண்டே விரல். அதில் பெரியதில் ஒரு நகம், மண் கொத்தும் கூந்தாலியின் நுனிபோல. கண்தான் என்னை மயக்கியது. நீண்ட இமைமயிரும், என் முகம் முழுதாகத் தெரிகிற அளவுக்குப் பெரிய விழியுமாக, குனிந்து என்னைப் பார்க்கும்போது ஏதோ கேட்க வந்து தயங்குகிறவள் போலிருக்கும்.

வந்த முதல் வருஷம் மாசி மாதத்தில் சேவலின் காலில் முழங்காலுக்குக் கீழே முன்பக்கமும் அலகும் சிவப்பேறின. இணைசேரும் காலம் வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்போது அது யாரையும் அருகில் விடாது. என் கணவர் எப்போதும் கையில் உடைமுள் கொப்பு கட்டிய நீளக் கம்பு வைத்திருப்பார். முள்ளை முகத்துக்கு நேரே காட்டினால் கண்ணுக்குப் பயந்து பின்வாங்கும்.

அந்த மாதத்தில்தான் என் அக்கா அருமனையிலிருந்து எங்களைப் பார்க்க வந்தாள். அத்தான் இறந்து போயிருந்தார். பிள்ளைகள் இல்லை. தென்னையும் நல்லமிளகுக் கொடியுமாகக் கொஞ்சம் நிலமும் ஒரு ஓட்டுவீடும் அவளுக்கு இருந்தன. வந்த அன்று மத்தியானம் நான் சீயக்காய்த் தண்ணீரில் இறகு அலசிக்கொண்டிருந்தேன். மகள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். கையில் ஒரு வெண்கலக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு வேலி வரைக்கும் போய்விட்டாள். கிண்ணம் வெயிலில் மின்னியது. சேவல் ஓடி வந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. வேலியின் பனஞ்சிராய் முறியும் சத்தம்தான் கேட்டது. நிமிர்ந்தபோது பிள்ளை மல்லாந்து கிடந்தாள். முறிந்த இடைவெளி வழியாக அந்த நகம் வெளியே வந்து உள்ளே போனது.

நான் எழுந்து ஓடுவதற்குள் அக்கா பிள்ளையை அள்ளிவிட்டாள். பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

“இது பிள்ள வளக்குத எடமா ஏட்டி?” என்று அக்கா கத்தினாள். “நீ தூவலக் கழுவீட்டு இருப்ப, அவரு அதுக்க வாலப் பிடிச்சிட்டு நடப்பாரு. பிள்ளைய ஆரு பாப்பா? எனக்கிட்ட நிக்கட்டு. மழ வாறது வரைக்கும் நிக்கட்டு. பொறவு வந்து கூட்டிட்டுப் போ.”

என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சரி என்றேன்.

அவர்கள் போன அன்று நான் அழுதேன். மறுநாள் காலையில் சேலையைப் பிடித்து இழுக்க ஆளில்லாமல் வேலியில் சாய்ந்து நின்று, வெயில் ஏறும்வரை பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருந்தது. பிள்ளையை விட்டுக்கொடுத்ததைவிட, அந்தக் காலை எனக்கு நன்றாக இருந்ததைத்தான் இன்றுவரை என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் என்னை அந்த வேலியை விட்டு நகரவிடாமல் செய்தன. சேவல் பெரிய பெட்டையின் முன்னால் கால் மடித்துத் தரையில் விழும். ஒரு சிறகை விரித்து, அதைத் தாழ்த்தி மற்றதை விரித்து, கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முதுகில் இடிக்கிறாற்போல் ஆட்டும். பிறகு வாயைத் திறக்காமலே கழுத்தைத் துருத்திபோல் ஊதிக்கொண்டு முழங்கும். கிணற்றுக்குள் விழுந்த காளையின் குரல் அது. மணற்காட்டுக்கு அப்பால் இருந்தவர்கள் எங்கள் முதலாளி சிங்கம் வாங்கியிருக்கிறார் என்றே கொஞ்ச நாள் பேசிக்கொண்டார்கள். பெட்டைகளுக்கு அந்தக் குரல் கிடையாது. கோபம் வந்தால் பாம்புபோலச் சீறும், அவ்வளவுதான்.

சேவலே காலால் மணலைப் பறித்துக் குழி செய்தது. பெரிய பெட்டை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து முட்டையிட்டது. கையில் எடுத்தால் பச்சைத் தேங்காய்க் கனம். ஓடு தந்தம்போல் வழவழப்பாக, ஊசிமுனைத் துளைகளோடு இருக்கும். இளைய பெட்டையும் அதே குழியில் வந்து இட்டது. ஆனால் இட்டதும் எழுந்து போய்விடும். மணலில் புரண்டு குளிக்கும், பனைநிழலில் நிற்கும், முட்டைப் பக்கம் திரும்பாது. அடைகிடந்தது பெரியதுதான். பகல் முழுவதும் அது உட்கார்ந்திருக்கும். யாராவது வருவதைக் கண்டால் கழுத்தைத் தரையோடு தரையாக நீட்டிப் படுத்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் மணல்மேடு என்றுதான் தோன்றும். தலையை மணலில் புதைத்துக்கொள்ளும் என்று ஜனங்கள் சொல்வது இதைப் பார்த்துத்தான் இருக்கவேண்டும். ஒரு நாளும் அது புதைத்ததை நான் பார்த்ததில்லை. பொழுது சாயும் நேரம் சேவல் வரும். பெட்டை எழுந்து இடம்விடும். இருட்டோடு இருட்டாகக் கரிய சேவல் விடியும்வரை அடைகாக்கும். மறந்துபோகிற பறவை என்று நான் கேட்டிருந்ததற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆள் மாறும் அந்தச் சிறு இடைவெளியில், என் கணவர் முள்கம்போடு நிற்க, நான் முட்டைகளில் கரியால் குறி போட்டேன். பெரியது இட்டதற்கு ஒரு கோடு, இளையது இட்டதற்கு ஒரு வட்டம். உடம்பால் மூட முடியாத அளவுக்கு முட்டை சேர்ந்தபோது பெரிய பெட்டை சிலவற்றை அலகால் வெளியே உருட்டித் தள்ளியது. தள்ளியதெல்லாம் வட்டம் போட்டவை. ஆனாலும் எல்லாவற்றையும் தள்ளவில்லை. வட்டம் போட்டவை சிலவற்றையும் தன்னுடையவற்றோடு சேர்த்து வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டது.

ஒருநாள் முதலாளி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “கொள்ளாமே வே! ஒருத்தி இடுகா, இன்னொருத்தி அடை இருக்கா.” அவருக்கு எங்கள் வீட்டு விஷயம் எதுவும் தெரியாது. என் கணவர் சிரிக்கவில்லை. நான் இறகுக்கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அந்த வருஷம் வைகாசியில் வரவேண்டிய இடவப்பாதி மழை முந்திக்கொண்டது. குழியில் தண்ணீர் நின்று முட்டையெல்லாம் கூழாயின. மழை வந்துவிட்டதே என்று அருமனைக்குப் போனேன். நாகர்கோவில் போய், அங்கிருந்து பஸ்ஸில் குழித்துறை போய், மிச்சத்தை நடந்து. மகளுக்கு இருமல் இருந்தது. “ஈர மண்ணுல கொண்டு போட்டு என்ன செய்யப் போற? மழ விடட்டு,” என்றாள் அக்கா. நானும் சட்டென்று சம்மதித்தேன். அவள் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்வந்தேன். முதலில் நான் கிளம்பும்போது மகள் காலைக் கட்டிக்கொண்டு அழுவாள். அப்புறம் அழவில்லை. அப்புறம் நான் வரும்போது அக்காவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். ஒருமுறை நான் படியேறியபோது பக்கத்து வீட்டுப் பிள்ளை, “உனக்க சித்தி வந்திருக்கா,” என்று அவளிடம் சொன்னது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, “சித்தி,” என்றாள். அடுக்களையில் அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவும் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடர்ந்தது. நானும் ஒன்றும் சொல்லவில்லை. கொண்டுபோயிருந்த இறகை அவள் கன்னத்தில் தடவினேன், அவள் சிரித்தாள். பிள்ளை நன்றாக இருக்கிறாள், அது போதும் என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் என் கணவர் மேடான இடத்தில் மணல் கொட்டி வைத்தார். அதில் அடைகிடந்தன. ஏறத்தாழ ஆறு வாரம் கழித்து ஒரு காலையில் முட்டைக்குள்ளிருந்து குரல் கேட்டது. ஓடு விரியுமுன்னே குஞ்சுகள் உள்ளிருந்து கூப்பிட, பெரிய பெட்டை தலையைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் அருமனை வழியாக வந்த ஒரு வண்டிக்காரர் சேதி சொன்னார். மகளுக்கு மணல்வாரி அம்மை போட்டிருக்கிறது, காய்ச்சல் கொதிக்கிறது, அக்கா வரச் சொன்னாள்.

“நீ பொறப்படு. இத நான் பாத்துக்கிடுகேன்,” என்றார் என் கணவர்.

“குஞ்சு வெளிய வரட்டு. நாளைக்குப் போறேன். மணல்வாரிதான, எல்லாப் பிள்ளைக்கும் வாறதுதான்,” என்றேன்.

நாளை வந்தபோது இரண்டு குஞ்சுதான் வெளியே வந்திருந்தன. எல்லாம் வரட்டும் என்று இருந்தேன். யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. முதலாளி சொல்லவில்லை, கணவர் சொல்லவில்லை. கடைசிக் குஞ்சு கால் உதறி எழுந்ததையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

நான் போனபோது காய்ச்சல் இறங்கியிருந்தது. மகள் வேப்பிலை விரித்த பாயில் தோல் உரிந்து, எலும்பாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா பல நாள் தலை சீவாதவளாக அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை கண் சொருகிப் போனதும், மிஷன் ஆசுபத்திரிக்குத் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததும் அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பிள்ளை எழுந்துவிடக்கூடாது என்று அக்கா மெதுவாகச் சொன்னாள்:

“தீக்குருவி பாக்கப் போயி நீயும் தீக்குருவியாப் போனியா ஏட்டி?”

கத்தியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். அந்தப் பறவை அப்படிப்பட்டது இல்லை அக்கா, அது எழாமல் இருந்து காக்கிறது என்று வாய்வரைக்கும் வந்தது. அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

திரும்பி வந்ததும் பிள்ளையைக் கூட்டிவரவேண்டும் என்று கணவரிடம் சொன்னேன். அவர் வீட்டைச் சுற்றித் தனியாக ஒரு உள்வேலி கட்டினார், பனந்தடியில், இரட்டை வரிசையாக. வேலி சீக்கிரமே முடிந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கிறிஸ்மஸ் கழிந்த பிறகுதான் நான் போய் அவளை அழைத்தேன். போக முடியாமல் ஏதோ ஒரு வேலை இருந்துகொண்டே இருந்தது என்று அப்போது சொன்னேன். அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன் என்பதுதான் நிஜம்.

அக்கா ஒன்றும் மறுக்கவில்லை. மகளின் துணியை மடித்துக் கட்டினாள். பனைவெல்லம் ஒரு பொதி வைத்தாள். படியிறங்கும்போது நான்தான் சொன்னேன்: “அக்கா, கொஞ்ச நாளு நீ அங்க வராண்டாம். உன்னக் கண்டா அவ எங்கிட்ட ஒட்டமாட்டா.”

“வரல்ல,” என்றாள் அக்கா.

கொட்டாரத்துக்கு வந்த மகள் அழவில்லை. அழுதிருந்தால் எடுத்துத் தேற்றியிருப்பேன். கொடுத்ததில் பாதியைத் தின்பாள். உள்வேலியின் மேற்கு மூலையில் போய் உட்கார்ந்துகொள்வாள். ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டால், “அது அருமனை வண்டியா சித்தி?” என்று கேட்பாள். இல்லை என்பேன். கொஞ்ச நேரம் கழித்து அடுத்த வண்டிக்கும் கேட்பாள்.

சித்திரையில் அந்த வருஷத்துக் குஞ்சுகள் பொரிந்தபோதுதான் அவள் முகம் மாறியது. கோழிக்குஞ்சின் மென்மை அவற்றுக்கு இல்லை. முதுகெல்லாம் முள்ளம்பன்றிபோல் விறைத்த தூவி. கழுத்தில் கறுப்புக் கோடுகள். சேவல்தான் முன்னால் நடக்கும், குஞ்சுகள் அதன் கால்களுக்கிடையில் ஓடும். வெயில் ஏறினால் அது சிறகை விரித்துக்கொண்டு நிற்கும், எல்லாம் அந்த நிழலுக்குள் வந்துவிடும். இளைய பெட்டையின் முட்டையில் வந்தது எது, பெரியதினுடையது எது என்று எனக்குக்கூட அடையாளம் தெரியவில்லை. ஒருநாள் பெரிய பெட்டை எச்சமிட்டதும் குஞ்சுகள் எல்லாம் ஓடிவந்து அதைக் கொத்தித் தின்றன. அப்படித் தின்றால்தான் அவற்றின் வயிறு பச்சைத் தழையைச் செரிக்கப் பழகுமாம்.

“சித்தி, சித்தி, பீயத் திங்குது!” என்று மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல்முறை. இனி சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அதற்குச் சில நாட்களுக்குப் பின், வெயில் உச்சியில் இருந்த நேரம், நான் உள்வேலிக்குள் இறகைக் கொடியில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். “அம்மை!” என்று மகள் கூப்பிட்டாள்.

நான் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வேலிச் சட்டத்தில் ஏறி நின்று கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தாழைப் புதருக்கு அருகே வெளிவேலியைப் பிரித்துக்கொண்டு அக்கா உள்ளே வந்திருந்தாள். முன்வாசல் வழியாக வந்தால் நான் பார்த்துவிடுவேன் என்று, தூரத்தில் நின்று பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள். அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் பறவைகளும் குஞ்சுகளும் நின்றன.

பெரிய பெட்டைதான் முதலில் கண்டது. ஒரு சிறகு முறிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு, தடுமாறித் தடுமாறி அக்காவுக்கு முன்னால் குறுக்காக ஓடி விழுந்தது. எழுந்தது, மறுபடி விழுந்தது. அது எதிரியைத் தன் பக்கம் இழுக்கிற வேலை. அதைப் பார்த்து அக்கா நின்றுவிட்டாள். குஞ்சுகள் அங்கங்கே மணலில் ஒட்டிக் கிடந்தன. அப்போது சேவல் புறப்பட்டது.

“கெடங்கோ! தரையில கமந்து கெடங்கோ!” என்று என் கணவர் தூரத்திலிருந்து கத்திக்கொண்டே ஓடினார். படுத்திருக்கிறவரை அதனால் நன்றாக உதைக்க முடியாது, மிதிக்கத்தான் முடியும். அதன் உதை முன்னோக்கி மேலிருந்து கீழே வருவது. அக்காவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவள் ஓடினாள். குதிரையே அதன் பின்னால் நிற்கும். நான் வீட்டோரம் சாய்த்திருந்த இன்னொரு முள்கம்பை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அவள் சுருண்டு விழுந்துவிட்டாள். இரண்டாவது உதைக்குக் காலைத் தூக்கிய சேவலின் முகத்தில் முள்ளை நீட்டினேன். அது சீறிக்கொண்டு பின்வாங்கியது. கணவர் வந்து அதைத் தள்ளிக்கொண்டு போனார். உள்வேலிக்குள்ளிருந்து மகள் அம்மை அம்மை என்று தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தொடை எலும்பு முறிந்திருந்தது. வில்வண்டியில் மெத்தை போட்டு மிஷன் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். காலைப் பலகையில் கட்டிக் கனம் தொங்கவிட்டு அக்கா மாதக்கணக்கில் படுத்திருந்தாள். நான் அவளுக்குக் கஞ்சி கொடுத்து, மலம் எடுத்து, அங்கேயே தங்கினேன். மகள் கட்டிலின் தலைமாட்டை விட்டு நகரவில்லை.

ஒரு நாள் பிள்ளை வெளியே விளையாடப் போயிருந்தபோது சொன்னேன்: “உன்ன வராண்டாம்ணு சொன்னது நான்தான் அக்கா. வாசல் வழியா வந்திருந்தா ஒண்ணும் வந்திருக்காது.”

“நான் வரல்லண்ணு சொன்னேன். வந்தேன்,” என்றாள் அவள். “கள்ளி மாதிரி வேலியப் பிரிச்சு வந்தேன். ஆரு தாயி, ஆரு கள்ளிண்ணு பறவைக்குத் தெரியுமா? அது அதுக்க குஞ்சப் பாத்துது.” பிறகு கேட்டாள்: “அந்தப் பெட்ட செறகு ஒடிஞ்சு கெடந்துதே, செத்துப்போச்சா?”

“அதுக்கு ஒண்ணும் இல்ல அக்கா. ஒடிஞ்ச மாதிரி காட்டுகது. குஞ்சுகிட்ட ஆளு போவாம இருக்க.”

அக்கா மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். “அப்போ நான் உன்ன அண்ணைக்கு அந்தப் பேரு சொன்னது…” என்று ஆரம்பித்தாள்.

“பேசாண்டாம் அக்கா,” என்றேன். அவள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வது எனக்கு வேண்டாம் என்று இருந்தது. திட்டைத் தாங்கிக்கொள்வது அதைவிட எளிது.

அக்கா கோல் ஊன்றி ஒரு பக்கம் சாய்ந்து நடக்கத் தொடங்கியபோது ஆசுபத்திரியிலிருந்து அனுப்பினார்கள். வாசலில் இரண்டு வண்டி நின்றது. மகள் யாரையும் கேட்காமல் அருமனை வண்டியில் ஏறி, அக்காவின் காலுக்குத் தலையணை வைத்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். “நீ சொன்னா எறங்குவா,” என்றாள். நான் சொல்லவில்லை. “போயிட்டு வா மக்கா,” என்று பிள்ளையிடம் சொன்னேன். நான் தனியாகத் திரும்பி வந்ததை என் கணவர் பார்த்தார். உள்வேலியை அந்த வாரமே பிரித்தார்.

பறவைகளும் நிலைக்கவில்லை. அவை மழை பார்க்காத நாட்டுப் பறவைகள். எங்கள் ஊரில் வருஷத்துக்கு இரண்டு மழை. குஞ்சுகள் நனைந்து, குறுகி, ஒவ்வொன்றாகச் செத்தன. இறகு வாங்க ஆள் வரவில்லை. கட்டிவைத்த கட்டுகளில் பூச்சி விழுந்தது. இளைய பெட்டை ஒரு கம்பித்துண்டை விழுங்கித் தீனி எடுக்காமல் கிடந்து போனது. மிஞ்சிய சேவலையும் பெரிய பெட்டையையும் ஊர் ஊராகப் போகும் ஒரு சர்க்கஸ்காரருக்கு முதலாளி கொடுத்துவிட்டார். அன்றைக்கு என் கணவர் ஏதோ சாமான் வாங்கவேண்டும் என்று நாகர்கோவிலுக்குப் போய்விட்டார். பெட்டை என் கையிலிருந்து முருங்கைக் கீரையைத் தின்றது. அதன் முட்டைகளுக்காக நான் காத்திருந்த நாட்களை நினைத்தபோது அதன்மேல் எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அது என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

முப்பதுகளின் தொடக்கத்தில் அவருக்கு அருமனைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கங்காணி வேலை கிடைத்தது. அக்கா வீட்டுக்கு அடுத்த விளையில் குடியேறினோம். மகள் அதற்குள் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் போவாள், தண்ணீர் எடுப்பாள், அக்காவைக் கைபிடித்து ஞாயிற்றுக்கிழமை சபைக்கு நடத்திப் போவாள். நான் சமைத்ததைக் கொண்டுபோனால், “நல்லா இருக்கு சித்தி,” என்று சொல்லித் தின்பாள். மரியாதையில் ஒரு குறையும் கிடையாது.

ஒரு நாள் சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் முற்றத்தில் நல்லமிளகு உதிர்த்துக்கொண்டிருந்தோம். அக்கா திடீரென்று கையைத் துடைத்துக்கொண்டு, “மக்கா, இவ உனக்க சித்தி இல்ல. உன்னப் பெத்த தாயி,” என்றாள். அவள் அதைப் பல நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கவேண்டும். குரல் உபதேசியார் குரல்போல இருந்தது.

மகள் உதிர்ப்பதை நிறுத்தவில்லை. “தெரியும்,” என்றாள்.

“ஆரு சொன்னா?”

“ஆரும் சொல்லல்ல. கொட்டாரத்துக்குப் போனப்பவே எனக்குத் தெரியும்.”

என் கை மிளகுக் குவியலுக்குள் அப்படியே இருந்தது. அக்காதான் கேட்டாள்: “பொறவு எதுக்கு ஏட்டி சித்தீண்ணு விளிச்ச?”

மகள் என்னைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை. கணக்குக்கு விடை சொல்வதுபோல் சொன்னாள்: “இவிய ஒண்ணும் சொல்லல்லியே.”

அப்போதாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மகள் எழுந்து கையிலிருந்த தொலியைத் தட்டிவிட்டு, இடுப்பில் குடத்தை எடுத்தாள்.

“தண்ணிக்குப் போறேன். நீங்க வாறியளா சித்தி?” என்று கேட்டாள்.

நான் இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன்.